விளக்கு எரியும்போது இழுக்காதவர்

தொம்மலூரில் நான் வேலை பார்த்த அலுவலகத்தில் மொத்தம் முப்பது பேர். முப்பது பேரைக் கட்டி மேய்க்க ஒரு நிர்வாக அதிகாரி இருந்தார். அரசாங்க வேலையில் ஓய்வு பெற்று எங்களிடம் வந்தவர். வரும்போது கையோடு இரண்டு பொருட்களைக் கொண்டுவந்திருந்தார். ஒன்று, நாற்காலி முதுகில் விரிக்கும் வெள்ளைத் துண்டு. இன்னொன்று, அறைக் கதவுக்கு மேலே மாட்டும் சிவப்பு பல்பு. பல்பு எரிந்தால் ஐயா வேலையாக இருக்கிறார், யாரும் உள்ளே நுழையக் கூடாது என்று அர்த்தம். கீழே பிளைவுட் கடை, மேலே கட்டி முடிக்காத மாடி, நடுவில் நாங்கள். அந்த இடத்தில் ஆபரேஷன் தியேட்டர் வாசல் மாதிரி ஒரு சிவப்பு விளக்கு. பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். அது இருக்கட்டும், அந்தப் பல்பு விஷயத்தைப் பிறகு சொல்கிறேன்.

புது நூற்றாண்டு பிறந்து, வெடிக்கும் வெடிக்கும் என்று பயமுறுத்திய கம்ப்யூட்டர் ஒன்றுகூட வெடிக்காமல் எல்லோரையும் ஏமாற்றிய வருடம் அது. நான் திருப்பத்தூரிலிருந்து வந்து இரண்டரை வருடம் ஆகியிருந்தது. டிஸ்க்குகளுக்கு டிரைவர் எழுதுவது என் வேலை. டிரைவர் என்றதும் வீட்டில் லாரி ஓட்டுவதாக நினைத்துக்கொண்டார்கள் என்ற நகைச்சுவையை என்னோடு வேலை பார்த்த அத்தனை பேரும் சொல்லித் தீர்த்துவிட்டார்கள், அதனால் நான் விட்டுவிடுகிறேன். விஷயம் இவ்வளவுதான்: ஒரு பெட்டி நிறைய டிஸ்க்குகள் இருக்கும். கம்ப்யூட்டர் அவற்றிடம் 'இதை எழுதி வை, அதை எடுத்துக் கொடு' என்று கேட்டபடியே இருக்கும். ஒவ்வொரு கோரிக்கைக்கும் முப்பது விநாடி கெடு. அதற்குள் பதில் வராவிட்டால் டிஸ்க்குக்கு ஏதோ ஆகிவிட்டது என்று முடிவுகட்டி, டிரைவர் அதைத் தட்டி முதலிலிருந்து எழுப்பும். அந்தத் தட்டுக்கு ரீசெட் என்று பெயர். கேட்பதும், காத்திருப்பதும், பொறுமை போனால் தட்டுவதும்தான் நான் எழுதிய நிரலின் முழு வாழ்க்கை.

இந்தப் பெட்டியின் பெருமை என்னவென்றால், ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு டிஸ்க்கை உருவி எடுக்கலாம், திரும்பச் செருகலாம், பெட்டி அசராது. அசராது என்று கடல் தாண்டியிருந்த வாடிக்கையாளருக்கு நாங்கள் வாக்குக் கொடுத்திருந்தோம். அதை நிரூபிக்க யாராவது நாள் முழுக்க டிஸ்க்கை உருவிச் செருக வேண்டும். எஞ்சினியர் யாருக்கும் அந்த வேலை கௌரவமாகப் படவில்லை. அதற்காகவே ஒருவரை ஒப்பந்தத்தில் எடுத்தார்கள்.

ஆஸ்டின் டவுன்காரர். நாற்பத்தைந்து வயது இருக்கும். அதற்கு முன் ஒரு பெரிய கட்டடத்தில் லிஃப்ட் இயக்கியவர். பொத்தானை நாமே அழுத்திக்கொள்ளும் லிஃப்ட் வந்ததும் அந்த வேலை போய்விட்டது. நாங்கள் எல்லோரும் அவரை அண்ணா என்போம். அவருக்கு நாங்கள் எல்லோரும் சார், மேடம். எனக்கு மட்டும் சில சமயம் 'ம்மா' சேர்ந்துகொள்ளும். மேசை மேல் அவருக்கென்று நீள நோட்டு ஒன்று உண்டு. ஒவ்வொரு முறை உருவிச் செருகியதும் நேரத்தைக் குறித்து, பக்கத்தில் 'எடுத்தேன். வந்தது' என்று எழுதுவார். பக்கம் பக்கமாக எடுத்தேன், வந்தது. அவ்வளவு சந்தோஷமான நோட்டை நான் வாழ்க்கையில் படித்ததில்லை.

அவருக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது, கழுத்தில் மாட்டும் அட்டை. எங்களுக்கெல்லாம் புகைப்படம் போட்ட அட்டை உண்டு, ஒப்பந்த ஆட்களுக்குக் கிடையாது. தினமும் காலையில் வாசலில் காவலாளி நீட்டும் பார்வையாளர் ரிஜிஸ்தரில் பெயர் எழுதிவிட்டுத்தான் அவர் உள்ளே வர வேண்டும். அதில் 'யாரைப் பார்க்க வந்தீர்கள்' என்று ஒரு பத்தி இருந்தது. அவர் இரண்டு வருடமாக அதில் 'டிஸ்க்' என்று எழுதிவந்தார். காவலாளியும் இரண்டு வருடமாக அதைச் சரி பார்த்து டிக் அடித்துவந்தார்.

அட்டை வேண்டுமானால் வேலை நிரந்தரமாக வேண்டும். அதற்கு மேனேஜர் சிபாரிசோடு விண்ணப்பம் போட்டு, தொண்ணூறு நாளுக்குள் நிர்வாக அதிகாரியின் முன்னால் நேரில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் விண்ணப்பம் காலாவதி, மறுபடி சிபாரிசிலிருந்து ஆரம்பம். அவருடையது இரண்டு முறை காலாவதியாகி, மூன்றாவது ஓடிக்கொண்டிருந்தது. ஏன் என்று நான் கேட்டதில்லை. ஒருநாள் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன உறையை எடுத்து, அட்டைக்காக எடுத்து வைத்திருந்த போட்டோவைக் காட்டினார். ஸ்டுடியோக்காரரின் டையைக் கட்டிக்கொண்டு, மூச்சை இழுத்துப் பிடித்தபடி இருந்தார்.

"எப்படி கீதும்மா?"

"கலெக்டர் மாதிரி இருக்கீங்கண்ணா."

"கலெக்டரு வோணாம்மா. கேட்டுல எழுதாம உள்ள வந்தா போதும்."

நானூறு முறை உருவியாயிற்று, நானூறு முறையும் வந்தது. நான் அறிக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். பத்தே நாளில் வாடிக்கையாளரிடமிருந்து மெயில். உங்கள் டிரைவரைப் போட்டோம், ஒரு டிஸ்க்கை உருவினோம், பெட்டி மொத்தமும் நாற்பது நிமிடம் செத்துக் கிடந்தது. திரையில் ரீசெட், ரீசெட், ரீசெட் என்று ஓடிக்கொண்டே இருந்தது. மாதக் கடைசிக்குள் சரிசெய்யாவிட்டால் இந்த வேலையை நிறுத்திக்கொள்ளலாம். நிறுத்தினால் முதலில் வீட்டுக்குப் போகிறவர்கள் ஒப்பந்த ஆட்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அண்ணா மறுபடி உருவினார். வந்தது. இன்னும் ஐம்பது முறை உருவினார். ஐம்பதும் வந்தது.

எங்கள் மேனேஜர் மைசூர்க்காரர். தமிழ் பேசுவார், நடுநடுவே கன்னடம் தானாக வந்துவிடும்.

"ஏன்ரீ இது? நம்ம லேப்ல வரல, அவங்க லேப்ல மட்டும் வருது? ஏதோ வித்தியாசம் இருக்கு. நோடி, சரியா பாருங்க."

பார்த்தோம். எவ்வளவோ படித்தவர்கள் ஆறு பேர் ஒன்றாக உட்கார்ந்தால் என்னென்ன தோன்றும் என்பதை அந்த இரண்டு வாரத்தில் நான் கற்றுக்கொண்டேன். அவர்கள் ஊர் மின்சாரம் வேறு மாதிரி என்றார் ஒருவர். அதற்காக ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வந்தது, வந்த அன்றே புகைந்தது. அவர்கள் ஊரில் தூசி கிடையாது என்றார் இன்னொருவர். ஆய்வகத்தில் செருப்புக்குத் தடை வந்தது. அவர்கள் ஊர் குளிர் என்று மேனேஜரே கண்டுபிடித்து, ஏசியைக் கடைசிவரை குறைக்கச் சொன்னார். நாங்கள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, வெறும் காலோடு, பல் கிட்டித்துப்போய் உட்கார்ந்திருந்தோம். அண்ணா மட்டும் குரங்குக் குல்லாய்க்குள்ளிருந்து கண்ணை மட்டும் காட்டியபடி உருவிக்கொண்டிருந்தார். எடுத்தேன். வந்தது. எழுத்து மட்டும் கொஞ்சம் நடுங்கியிருந்தது.

கடைசியில் வாடிக்கையாளரே ஒரு யோசனை சொன்னார். நீங்கள் எப்படிச் சோதிக்கிறீர்கள் என்று வீடியோ எடுத்து அனுப்புங்கள். எங்களிடம் காமிரா இல்லை. மேனேஜர் சிவாஜிநகரிலிருந்து ஒரு கல்யாண வீடியோக்காரரை வரவழைத்தார். அவர் விளக்கும் உதவியாளருமாக வந்து இறங்கி, முதலில் கேட்டது, "மாப்பிள்ளை யாரு சார்?" அண்ணாவைக் காட்டினோம். அண்ணா அன்று இஸ்திரி போட்ட சட்டையில், தலையைப் படிய வாரி, நெற்றியில் குங்குமம் வைத்து வந்திருந்தார். பெட்டிக்கு முன்னால் நின்று காமிராவைப் பார்த்துக் கும்பிட்டார். டிஸ்க்கின் பிடியில் கை வைத்தார். நின்றார். உருவினார். செருகினார். திரும்பவும் கும்பிட்டார்.

இரண்டு நாளில் வீடியோ சிடி கையில் வந்தது. ஆரம்பத்தில் ஒரு ரோஜா மெல்ல மலர்கிறது. அதற்குள்ளிருந்து எங்கள் டிஸ்க் பெட்டி எட்டிப் பார்க்கிறது. பின்னணியில் நாதஸ்வரம். அண்ணா உருவும் கணத்தில் கெட்டிமேளம், திரை முழுக்கப் பூ மழை. தலையில் அடித்துக்கொண்டேன். திரும்ப எடுக்க நேரமில்லை. அப்படியே கூரியரில் போயிற்று.

பதில் மெயில் இரண்டே வரி. 'இசை நன்றாக இருந்தது. பிடியில் கை வைத்தபின் அவர் பதினோரு விநாடி எதற்காகக் காத்திருக்கிறார்?'

சிடியை மறுபடி போட்டுப் பார்த்தேன். பூவையும் மேளத்தையும் பார்த்துச் சிரித்ததில் நாங்கள் யாரும் அதைக் கவனித்திருக்கவில்லை. பிடியில் கை இருக்கிறது. டிஸ்க்கின் முகப்பில் பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கிறது, அதாவது டிஸ்க் எழுதிக்கொண்டிருக்கிறது. அண்ணா அந்த விளக்கையே பார்த்தபடி நிற்கிறார். சோதனை நிரலின் ஒரு சுற்று முடிந்து அடுத்தது தொடங்குவதற்கு முன் ஒரு சின்ன இடைவெளி வரும். விளக்கு அணைகிறது. அந்த நொடியில்தான் உருவுகிறார். நானூறு முறையும் அவர் இப்படித்தான் செய்திருக்கிறார். கோரிக்கை எதுவும் பாக்கியில்லாத டிஸ்க்கை உருவினால் எந்த டிரைவரும் அசராது. நான் எழுதியது மட்டுமல்ல, யார் எழுதியதும்.

ஆய்வகத்துக்கு ஓடினேன்.

"அண்ணா, விளக்கு எரியறப்ப ஏன் எடுக்க மாட்டேங்கறீங்க?"

அவருக்கு என் கேள்வியே புரியவில்லை.

"எரியறப்ப எப்படிம்மா புடுங்கறது? அது வேலை செஞ்சுக்கினு இருக்குதில்ல? சாப்புட்டுக்கினு இருக்கறவன் எலைய யாராவது இழுப்பாங்களா?"

"யாருண்ணா உங்களுக்கு அப்படிச் சொன்னது?"

கொஞ்சம் தயங்கினார். "நீங்கதாம்மா."

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. அவர் சேர்ந்த முதல் வாரம். உருவச் சொன்ன டிஸ்க்கை விட்டுவிட்டு, பக்கத்தில் என் நிரல் இருந்த டிஸ்க்கை, விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே உருவிவிட்டார். இரண்டு நாள் வேலை போயிற்று. எனக்கு அப்போது கோபம் மூக்குக்கு மேல். அத்தனை பேர் முன்னால், என்னைவிட இருபது வயது மூத்தவரை, பத்து நிமிடம் நிறுத்தி வைத்துத் திட்டினேன். 'லைட் எரியறது கண்ணுக்குத் தெரியலையா? எரிஞ்சா வேலை நடக்குதுன்னு அர்த்தம். எரியறப்ப கை வைக்கவே கூடாது, தெரியுதா?' என்று கத்தினேன். திட்டி முடித்ததும் நான் அதை மறந்தேபோனேன். அவர் மறக்கவில்லை.

"அண்ணா, இப்ப நான் சொல்றேன். எரியறப்பவே எடுங்க."

"வோணாம்மா."

"ஒண்ணும் ஆகாது. எடுங்கண்ணா."

பிடியில் கை வைத்தார். பச்சை விளக்கு படபடவென்று மினுக்கியது. கண்ணை மூடிக்கொண்டு, டிஸ்க்கைப் பார்த்து "தப்பா நெனச்சுக்காத" என்று முணுமுணுத்து, வெடுக்கென்று உருவினார். முப்பது விநாடி ஒன்றும் இல்லை. பிறகு திரையில் ரீசெட். இன்னொரு ரீசெட். பெட்டி மொத்தமும் ஸ்தம்பித்தது. நாங்கள் ஆறு பேரும் துள்ளிக் குதித்துக் கைதட்டினோம். மேனேஜர் யாரையோ கட்டிப்பிடித்தார். அண்ணா மட்டும் உருவிய டிஸ்க்கைக் கைக்குழந்தை மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, முகம் வெளிறி நின்றார். நிறுவனத்தையே உடைத்துவிட்டதாகவும் நாங்கள் பைத்தியம் பிடித்துக் கைதட்டுவதாகவும் நினைத்தாராம்.

திரையில் ஓடிய வரிகளைப் படிக்கப் படிக்க எனக்கு வெட்கமாகிவிட்டது. தப்பு முழுக்க முழுக்க என்னுடையது. ஒரு டிஸ்க்குக்காகத் தட்டினாலும் பெட்டியிலிருக்கும் அத்தனை டிஸ்க்குகளும் ரீசெட் ஆகும், அவை சுழன்று எழ நாற்பத்தைந்து விநாடி ஆகும். நான் கொடுத்திருந்த கெடுவோ முப்பது. டிஸ்க் எழுந்துகொண்டிருக்கும்போதும் என் கடிகாரம் கோரிக்கைகளின் கெடுவை எண்ணிக்கொண்டே இருந்தது. அது முடிந்ததும் 'பதில் வரவில்லையே' என்று இன்னொரு ரீசெட். பாதி எழுந்த டிஸ்க் மறுபடி முதலிலிருந்து. காலையில் ஒருவன் கட்டிலில் எழுந்து உட்காருவதற்குள் 'இன்னுமா எழுந்திருக்கவில்லை' என்று அவனைத் திரும்பப் படுக்கவைத்து எழுப்பினால், அவன் என்றைக்குப் பல் தேய்ப்பது? நான் நாற்பது நிமிடம் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

திருத்தம் பதினோரு வரி. ரீசெட் நடக்கும் நேரத்தைக் கெடுவில் சேர்க்காதே. அப்போது கடிகாரம் அடித்தால், அதை முதலிலிருந்து ஓடவிடு, தட்டாதே. டிஸ்க் முழுக்க எழுந்தபின் பாக்கியிருந்த கோரிக்கைகளைத் திரும்பக் கொடு. மறுநாள் அண்ணா விளக்கு எரியும்போதே நூறு முறை உருவினார். ஒவ்வொரு முறையும் கண்ணை மூடிக்கொண்டார். நூறும் வந்தது.

வெள்ளிக்கிழமை சாப்பாட்டு நேரத்துக்குச் சற்று முன் மேனேஜர் கூட்டம் போட்டார். வாடிக்கையாளருக்கு ஒரு படிவம் அனுப்ப வேண்டும். அதில் 'சோதனையில் இந்தப் பிழை ஏன் அகப்படவில்லை' என்று ஒரு கட்டம் இருந்தது. எல்லோரும் அண்ணாவைப் பார்த்தார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் எழுந்து நின்றார்.

"என் தப்புதான் சார். பயந்துக்கினு மெதுவா புடுங்கிட்டேன்."

நான் திறந்த வாயை மூடிக்கொண்டேன். கோழைத்தனம்தான். மேனேஜர் கட்டத்தில் 'சோதனையாளரின் மென்மையான அணுகுமுறை' என்று எழுதினார். அண்ணா வெளியே போனதும் பேனாவை மூடியபடி சொன்னார், "நல்ல மனுஷன்தான். ஆனா அவருக்கே அக்கறை இல்லையே. மூணாவது அப்ளிகேஷனும் இன்னைக்கு எக்ஸ்பயர் ஆகுது. கான்ட்ராக்ட் இந்த ப்ராஜக்டோட முடியுது. நான் இன்னொரு தடவை ரெகமண்ட் பண்ண முடியாது."

எனக்கு உட்கார்ந்திருக்க முடியவில்லை. அண்ணா எழுந்தபோதே சொல்லியிருக்க வேண்டியதை அப்போதுதான் சொன்னேன். அவரை அப்படிச் செய்யச் சொன்னதே நான்தான், இரண்டு வருடம் முன்னால் எல்லோர் முன்னாலும் கத்திச் சொன்னேன், கட்டத்தில் என் பெயரைப் போடுங்கள். மேனேஜர் என்னை ஏதோ பழுதான டிஸ்க்கைப் பார்ப்பது போலப் பார்த்தார். "படிவத்தை நான் மாத்திக்கறேன்ரீ. நீங்க அவரைப் பிடிங்க. அஞ்சு மணிக்கு ஆபீஸ் மூடிடும்."

அண்ணா ஆய்வகத்தில் இல்லை. நிர்வாக அதிகாரியின் அறை வாசலில், சுவரோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தார். கையில் விண்ணப்பம், சட்டைப் பையில் அந்தப் போட்டோ உறை. தலைக்கு மேலே சிவப்பு பல்பு எரிந்துகொண்டிருந்தது.

"இங்க என்னண்ணா பண்றீங்க?"

"டெய்லி சாப்பாட்டு நேரத்துல வந்து நிக்கறேம்மா. ஐயா ரொம்ப பிஸி. லைட்டு அணையவே மாட்டேங்குது."

"தினமுமா? எத்தனை நாளா?"

"மொத அப்ளிகேஷன்லருந்து."

நாங்கள் எல்லோரும் அதிகாரியிடம் எதையாவது கேட்க வேண்டுமென்றால் மெயிலில் கேட்டுவிடுவோம். ஒப்பந்த ஆட்களுக்கு மெயில் கிடையாது. அந்தப் பல்பை முப்பது பேரில் அவர் ஒருவர் மட்டும்தான் மதித்திருக்கிறார், அதுவும் தொண்ணூறு நாள் வீதம் மூன்று தவணை.

"அண்ணா, எரியறப்பவே உள்ள போங்க."

பிடியில் கை வைத்தார். வைத்துவிட்டு நின்றார், அதே மாதிரி, பல்பைப் பார்த்தபடி. எனக்கு இனிப் பொறுக்க முடியவில்லை. அவர் கைமேல் என் கையை வைத்துக் கதவைத் தள்ளினேன்.

அதிகாரி வெள்ளைத் துண்டில் தலையைச் சாய்த்து, குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் நாலு மாதம் கழித்து விருந்தாளியைப் பார்த்தவர் போல எழுந்துவிட்டார்.

"வாங்க வாங்க, உக்காருங்க. இந்த ரூமுக்கு ஒருத்தரும் வர்றதே இல்லம்மா." விண்ணப்பத்தைப் பார்த்ததும் அண்ணாவிடம் திரும்பினார். "நீதானாய்யா அது? மூணு தடவை பேப்பர் வந்துது, ஆள் வரலை. எங்கேய்யா போயிருந்தே?"

"வாசல்லதான் சார் இருந்தேன். லைட்டு எரிஞ்சுது."

"எந்த லைட்டு?"

வெளியே வந்து அண்ணாந்து பார்த்தார். உள்ளே போய் மேசையடியில் சுவிட்சைப் பார்த்தார். அணைத்துத்தான் இருந்தது. போன வருடம் ஏசி மாட்டியபோது எலக்ட்ரீஷியன் அந்தக் கம்பியை, நாள் முழுக்க எரியும் வராந்தா விளக்கோடு சேர்த்து முடிந்துவிட்டுப் போயிருக்கிறார். அதிகாரி பேனாவை எடுத்துக் கொடுத்தார். கையெழுத்துப் போட்டு முடிக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. போட்டோவை ஒட்டும்போது, "டை நல்லா இருக்குய்யா" என்றார்.

வெளியே வந்து வராந்தாவில் நின்றோம். நான் அண்ணாவிடம், அன்றைக்கு அத்தனை பேர் முன்னால் திட்டியதற்கு மன்னித்துவிடுங்கள் என்றேன். அவர் பதறிப்போய்க் கையை ஆட்டினார்.

"அதெல்லாம் இன்னாத்துக்கும்மா. நான் ஒண்ணு கேக்கணும்னு ரெண்டு வருஷமா நெனைக்கறேன், நீங்க எப்பவும் வேலையாவே இருப்பீங்க. அன்னைக்கு என்னால போச்சே, உங்க ரெண்டு நாள் வேலை, அது அப்புறம் கெடைச்சுதாம்மா?"

அந்த நிரலின் பழைய பிரதி ஒன்று என்னிடம் இருந்தது. திட்டிய அன்று மத்தியானமே, அதை வைத்து விட்டுப்போனதையெல்லாம் திரும்ப எழுதி முடித்துவிட்டேன். அவரிடம் சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை.

"கிடைச்சுடுச்சுண்ணா" என்றேன்.

"அப்பாடா" என்று சொல்லிவிட்டு, அவர் சாப்பிடப் போனார்.